ஒற்றியா, அறுதியா?

அன்புள்ள ஐயா,

திருகோணமலைக் கோட்டை வாசலில் உள்ள இரட்டைக் கயலை, பாண்டியரின் மீன் சின்னத்தை, பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். பக்கத்து நாடு பகை, அதற்கு அப்பால் உள்ள நாடு நட்பு என்று கௌடில்யர் சொன்னது இன்றைக்கும் பொருந்துமா? அன்று சோழருக்கு எதிராகப் பாண்டியரும் சிங்கள அரசரும் சேர்ந்ததுபோலத்தான் இன்று கொழும்பு சீனாவைச் சேர்த்துக்கொள்கிறதா? இந்தியா எங்களுக்கு நட்பா, பகையா? (எங்கள் வீட்டிலும் பக்கத்து வளவுக்காரரோடு இருபது வருட வேலிச் சண்டை. அதனால்தான் இந்தக் கேள்வி வந்ததோ தெரியாது.)

ச., உப்புவெளி

அன்புள்ள தம்பி,

வேலிச் சண்டையைக் கொண்டுபோய் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர். கடிதத்தில் உருப்படியான வரி அதுதான்.

கௌடில்யரை விடும். சிங்கள அரசன் முதலாம் பராக்கிரமபாகு பாண்டிநாட்டுக்குப் படை அனுப்பியது உண்மை. ஆனால் அது பாண்டியருக்குள்ளேயே நடந்த வாரிசுச் சண்டை. ஒருவனுக்கு இலங்கை, மற்றவனுக்குச் சோழன். நூறு வருடம் போகவில்லை, அதே பாண்டியர் கடல் கடந்து வந்து கோணமலையில் கயல் பொறித்தார்கள். இதில் யார் பக்கத்து நாடு, யார் அடுத்த நாடு? சோழன் என்றாலே பௌத்தப் பள்ளிக்கு எதிரி என்று நினைப்பவர் இங்கே பக்கத்தில் பெரியகுளத்துக்குப் போய், சோழன் பேரில் இருக்கிற பௌத்தப் பள்ளியான இராசராசப் பெரும்பள்ளியைப் பார்த்துவிட்டு வரட்டும்.

எனக்கு எரிச்சல் வந்தது உம்முடைய "நட்பா, பகையா"வில்தான். என்னுடைய அப்பா ஒரு நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்தவர். இரவில் விறாந்தையில் லாம்பை வைத்துக்கொண்டு காணி உறுதிகளைச் சத்தமாக வாசிப்பார். வடக்கெல்லை, கிழக்கெல்லை எல்லாம் வேகமாக ஓடும். ஒரு சொல் வந்ததும் நிறுத்தி, சிவப்புப் பென்சிலால் கீழே கோடு போடுவார். அறுதி என்றால் போனது போனதுதான். ஈடு என்றால் காணி உம்முடைய கையில், கடன் உம்முடைய தலையில். ஒற்றிதான் வில்லங்கம். காணி கடன் தந்தவன் கையில் இருக்கும். வட்டிக்குப் பதிலாகத் தேங்காயும் மாங்காயும் அவனுக்கு. முதலைக் கட்டும்வரை நீர் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். "மச்சான்தானே எண்டு கையெழுத்து வைச்ச ஆக்கள்தான் இஞ்ச வாறவை எல்லாரும்" என்பார்.

இதை வைத்துக்கொண்டு 1638ஐப் பாரும். பறங்கியரை, அதாவது போர்த்துக்கீசரை, துரத்த வேண்டும் என்று கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கன் மட்டக்களப்பில் ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்தான். போர்ச் செலவை அரசன் கறுவாவாகவும் மிளகாகவும் கட்ட வேண்டும். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருக்கும், அதுவும் அரசன் விரும்பினால். இந்த "விரும்பினால்" அரசனிடம் இருந்த பிரதியில் இருந்தது. ஒல்லாந்தர் பிரதியில் இல்லை! அப்பா இருந்திருந்தால் பென்சிலை முறித்திருப்பார். 1639இல் எங்கள் திருகோணமலையைப் பிடித்தார்கள், பின்னர் அரசனிடம் கொடுத்தார்கள். இங்கே கறுவா இல்லையே. அடுத்த வருடம் காலியைப் பிடித்தபோது கொடுக்கவில்லை. செலவுக் கணக்குத் தீரவில்லையாம். கணக்கு எழுதுபவனே கடன் தந்தவன் என்றால் எந்தக் காலத்தில் தீரும்? 1656இல் கொழும்பு விழுந்தபோது அரசனை உள்ளேயே விடவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கினதுபோல என்று சிங்களவர் இன்றும் சொல்வது இதைத்தான். இது பகையா? இல்லை. நட்பா? அதுவும் இல்லை. ஒற்றி.

சரி, அதோடு புத்தி வந்ததா? 1672இல் அதே அரசன் திருகோணமலைப் பக்கத்துக் கொட்டியாரக் குடாவைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தான். பழைய ஒற்றியை மீட்காமல் புது ஆளிடம் ஒற்றி வைக்கிற வேலை. ஒல்லாந்தர் அந்த வருடமே அவர்களை அடித்துக் கலைத்தார்கள்.

1795ஐயும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக்குத் தப்பியோடிய ஒல்லாந்து இளவரசர் ஐந்தாம் வில்லியம் கியூவிலிருந்து இலங்கையிலும் மற்ற இடங்களிலும் இருந்த ஒல்லாந்த ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்: பிரிட்டிஷ் படையை நண்பர்களாக உள்ளே விடுங்கள் என்று. பார்த்துக்கொள்ளத்தான், அடைக்கலப் பொருள் மாதிரி. 1802இல் பிரிட்டனும் பிரான்சும் செய்த அமியன் உடன்படிக்கையில் அதுவே அறுதியாகிவிட்டது. அந்த மேசையில் கண்டியில் இருந்தும் ஒருவரும் இல்லை, கொட்டியாரத்தில் இருந்தும் ஒருவரும் இல்லை.

இப்போது திருகோணமலையில் எண்ணெய்க் குதங்கள் இருக்கிற சீனன்குடாவுக்கு வாரும். 1987 இந்திய-இலங்கை உடன்படிக்கை எல்லாருக்கும் தெரியும். அதோடு சனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் ராஜீவ் காந்தியும் மாற்றிக்கொண்ட கடிதங்களை வாசித்தவர் எத்தனை பேர்? எண்ணெய்க் குதங்களை இரண்டு நாடும் சேர்ந்து திருத்தி நடத்தும் என்று அதிலேயே இருக்கிறது. 2022இல் 99 குதங்களையும் பிரித்தார்கள்: இந்தியன் ஒயிலின் இலங்கைக் கம்பனிக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, மீதி 61 கூட்டுக் கம்பனிக்கு. அதில் பங்கு 51க்கு 49, இலங்கைக்குத்தான் 51. காலம் 50 வருடம். இது குத்தகை, ஒற்றி இல்லை. குத்தகைக்கு முடிவுத் திகதி உண்டு. நட்பு, பகை என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக்கூடப் பார்ப்பதில்லை, நீரும் பார்க்கவில்லை.

சின்ன வயதில் அப்பா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பான் விமானம் மோதி எரிந்த 91ஆம் இலக்கக் குதத்தைப் பார்க்க. இரும்புத் தகடு வெயிலில் போட்ட வாழையிலைபோல உள்நோக்கி மடிந்து கிடந்தது. கறளில் கொடி படர்ந்திருந்தது. யப்பானியனை, வெள்ளைக்காரனைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இப்ப இது ஆற்ற பேரில இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

சீனா வருமா என்பதைச் சோதிடரிடம் கேளும். உம்முடைய வேலிக்கு வருவோம். பக்கத்து வளவுக்காரர் கெட்டவர் என்று இருபது வருடமாகச் சொல்கிறீர்களே, உறுதியை ஒரு தடவையாவது பிரித்துப் பார்த்தீர்களா? கிழக்கெல்லையில் என்ன எழுதியிருக்கிறது, முதல் கதியாலை ஊன்றும்போது யார் நின்றது என்று அம்மம்மாவிடம் கேட்டு எழுதும். அவரைத் தூங்கவிட்டுக் கேளாதேயும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கேளும்.