ஜப்பானின் மோரி கேர்ள் பாணி வெறும் உடை அலங்காரமா, வாழ்க்கை முறையா? முப்பது வயதுக்கு மேல் அதைப் பின்பற்ற முடியுமா?

இரண்டும்தான். உடை முதலில் வந்தது, வாழ்க்கை முறை பின்னால் ஒட்டிக்கொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். தொடக்கத்திலிருந்தே இரண்டும் சேர்ந்துதான் இருந்தன.

2006-ல் மிக்ஸி என்ற ஜப்பானிய சமூக வலைத்தளத்தில், சோகோ என்ற புனைபெயர் கொண்ட பெண் ஒரு குழுவைத் தொடங்கினார். காட்டில் வசிக்கிற பெண் மாதிரி இருக்கிறாய் என்று நண்பர் ஒருவர் அவரிடம் சொன்னதுதான் காரணம். மோரி என்றால் காடு. யாரெல்லாம் மோரி கேர்ள் என்று அந்தக் குழுவில் ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. தொளதொளவென்ற ஏ-லைன் கவுன், நாட்டுப்புற உடைகளின் சாயல், அடர்பச்சை, கருநீலம், ஒயின் சிவப்பு போன்ற நிறங்கள் அதில் உண்டு. கேமராவை எடுத்துக்கொண்டு நடக்கப் போவது, போகிற வழியில் கண்ணில் படும் காபிக் கடைக்குள் நுழைந்து உட்காருவது போன்ற பழக்கங்களும் அதே பட்டியலில்தான் இருந்தன.

இதன் அருமை புரிய, அந்தக் காலத்து ஜப்பானைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கம் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் திரிந்த கியாரு பெண்கள்: வெளுத்த முடி, பெரிய இமைமுடிகள், பளபளப்பு. இன்னொரு பக்கம் கேன்கேம் போன்ற பத்திரிகைகள் கற்றுக்கொடுத்த 'மோதே' பாணி. ஆண்களுக்குப் பிடிக்கும்படி உடுத்துவதுதான் மோதே. இடுப்பு தெரிய வேண்டும், குதிகால் உயர வேண்டும், முடி சுருள வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில், உடம்பின் வடிவமே வெளியே தெரியாத கவுனும் தட்டையான, முனை வட்டமான ஷூவும் போட்டுக்கொண்டு இந்தப் பெண்கள் வந்தார்கள். கோஷம் எதுவும் போடவில்லை. யார் பார்வைக்காக உடுத்துகிறோம் என்ற கேள்விக்கு 'என் பார்வைக்காக' என்று அமைதியாகப் பதில் சொன்னார்கள். எனக்கு இந்தப் பாணி மேல் பிரியம் வந்தது இதனால்தான். லேஸும் கம்பளியும் அதற்கு அப்புறம்தான்.

இன்னொன்று: மோரி கேர்ள்கள் யாரும் காட்டில் வசிக்கவில்லை. எல்லோரும் நகரத்துப் பெண்கள், ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவர்கள். டோக்கியோவில் இந்தப் பாணிக்குப் பொருத்தமான இடம் என்று கேட்டால் கிச்சிஜோஜியைத்தான் சொல்வேன். ஷின்ஜுகுவிலிருந்து சூவோ பாதை ரயிலில் கால் மணி நேரம். நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் 1917-ல் திறந்த இனோகாஷிரா பூங்கா வந்துவிடும். அதன் குளத்திலிருந்துதான் கண்டா ஆறு புறப்படுகிறது. பூங்காவுக்குப் போகிற வழியெல்லாம் ஜக்கா கடைகள்: மரக் கரண்டி, பீங்கான் கிண்ணம், பொத்தான் என்று சின்னச் சின்னப் பொருள்கள் விற்பவை. பழைய துணிக்கு கோயென்ஜி. அதே பாதையில் ஷின்ஜுகுவுக்கும் கிச்சிஜோஜிக்கும் நடுவில் இருக்கிறது. என் கவுன்களில் பாதி அங்கே வாங்கியவை.

உடுத்துவது எப்படி என்றால், அடுக்கு அடுக்காக. உள்ளே லேஸ் வைத்த உள்பாவாடை, மேலே லினன் அல்லது பருத்தி கவுன், அதன் மேல் கையால் பின்னியது போன்ற கம்பளி கார்டிகன். குளிர் ஏறினால் தோளில் போர்த்தும் போன்ச்சோ, தடித்த டைட்ஸ். ஒவ்வொரு அடுக்கின் விளிம்பும் கொஞ்சமாவது வெளியே தெரிய வேண்டும், அழகே அதில்தான் இருக்கிறது. நிறங்கள் ஒன்றை ஒன்று அடிக்கக் கூடாது. வெள்ளை வேண்டுமென்றால் பளிச்சென்ற வெள்ளையை விட்டுவிட்டு, துவைத்துத் துவைத்து மங்கிய வெள்ளையாக எடுங்கள். இந்தப் பாணி இலையுதிர் காலத்துக்கென்றே பிறந்தது போல இருக்கும். டோக்கியோவின் ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் இத்தனை அடுக்கு தாங்காது. அப்போது நான் டபுள் காஸ் துணிக்கு மாறிவிடுவேன். மெல்லிய இரண்டு நெசவுகளை ஆங்காங்கே சேர்த்துப் பிணைத்த பருத்தி அது. வியர்வையை இழுத்துக்கொள்ளும், சீக்கிரம் காயும், இஸ்திரி கேட்காது.

நிஜ மலைக்குப் போகிற நாளில் மட்டும் இந்த உடை வேண்டாம். டோக்கியோவின் மேற்கில் 599 மீட்டர் உயரமே உள்ள தக்காவோ மலைப் பாதையிலேயே லேஸ் முள்ளில் மாட்டும், நீளப் பாவாடை காலைத் தடுக்கும். 2010 வாக்கில் யாமா கேர்ள் என்று, மலையேறும் பெண்களுக்கான தனிப் பாணியே இங்கே பரவியது. குட்டைப் பாவாடை, லெக்கிங்ஸ், நல்ல பூட்ஸ். மலைக்கு அதுதான் சரி.

வாழ்க்கை முறை என்று நீங்கள் கேட்டது என்னைப் பொறுத்தவரை நடையின் வேகத்தைப் பற்றியது. இந்த உடையோடு ஓட முடியாது, ஓடவும் தோன்றாது. மெதுவாக நடந்தால், தினமும் கடந்து போகிற தெருவில் எந்த வீட்டு வாசலில் எந்தத் தொட்டிச் செடி பூத்திருக்கிறது என்று தெரியவரும். நான் பழைய ஃபிலிம் கேமரா வைத்திருக்கிறேன். ஒரு சுருளுக்கு 36 படம், ஃபிலிம் விலையும் அதிகம். ஆகவே எதையாவது எடுக்கும் முன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது. அந்த நிற்பதும் பார்ப்பதும் இல்லாமல் கவுன் மட்டும் வாங்கினால் அது வேஷமாக நின்றுவிடும் என்பது என் கருத்து. அதே நேரம், பணம் இல்லை, கவுன் வாங்க முடியாது என்பவர்கள் ஒதுங்க வேண்டியதும் இல்லை. அலமாரியில் இருக்கிற பருத்தித் துணிகளை அடுக்கிப் போட்டுக்கொண்டு நடக்கக் கிளம்பினாலே போதும்.

இப்போது கடைகளில் மோரி கேர்ள் என்ற பெயர்ப்பலகையைத் தேடினால் கிடைக்காது. 2009, 2010-ல் உச்சத்தில் இருந்து, அப்புறம் பெரிய கடைகள் வேறு பாணிகளுக்குப் போய்விட்டன. நச்சுரல்-கேய், அதாவது இயல்பான பாணி என்று கேளுங்கள். சமான்சா மோஸ் மோஸ் போன்ற கடைகளில் அதே லினனும் அதே மண் நிறங்களும் இன்னும் இருக்கின்றன. மெர்காரி செயலியில் பழைய உருப்படிகள் மோரி கேர்ள் என்ற பெயரிலேயே விற்பனைக்கு வரும்.

வயது பற்றிய கேள்விக்கு: தாராளமாக முடியும். அன்று மிக்ஸியில் இருபதுகளில் இருந்தவர்கள் இன்று நாற்பதை ஒட்டி இருப்பார்கள். தகராஜிமாஷா பதிப்பகம் வெளியிடும் லின்னெல் மாத இதழைப் புரட்டிப் பாருங்கள். நடுவயதுப் பெண்கள் தொளதொள கவுனில், நரைத்த முடியோடு, ரொட்டி சுட்டுக்கொண்டும் தோட்டத்தில் நின்றுகொண்டும் இருப்பார்கள். இருபது வயதில் பஃப் கையும் ஃப்ரில்லும் தூக்கலாக இருந்தால் அழகு. முப்பதுக்கு மேல் அவற்றைக் குறைத்துத் துணியின் தரத்தைக் கூட்டுங்கள். நல்ல லினன் கவுன் ஒன்று, அடர்பச்சையில். அதில் தொடங்கலாம்.