கட்சியில் சேராமல் ஊர்மக்கள் உள்ளூர் அரசியலில் எப்படிப் பங்கெடுக்கலாம்?

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சியில் வசிப்பவர் என்றால் கிராம சபையில் தொடங்குங்கள். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பலர் அங்கே ஆவேசமாகப் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பேச்சை எந்த அலுவலகமும் கணக்கில் எடுக்காது. அதனால் எல்லா வேலையும் அந்தப் புத்தகத்தைக் குறிவைத்தே நடக்க வேண்டும்.

கூட்டத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பதில் வர 30 நாள் ஆகலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மனு தவறான அலுவலருக்குப் போனாலும் பிரிவு 6(3)-ன்படி 5 நாளுக்குள் உரியவருக்கு மாற்றி அனுப்பியாக வேண்டும். "ஏன் ரோடு போடவில்லை?" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது, ஆவணத்தைக் கேளுங்கள். கடந்த கூட்டத் தீர்மானங்களின் நகல், குறிப்பிட்ட வேலையின் மதிப்பீடு, வேலை உத்தரவு, எம்-புக் (முடித்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) பக்கங்கள், பில். எம்-புக்கில் எழுதியிருக்கும் நீள அகலத்தை டேப் வைத்துத் தெருவில் அளந்து பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது ஆள். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை. தெருவுக்கு இரண்டு பேர் பொறுப்பேற்று வீடு வீடாகச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் செய்தி மட்டும் ஆளைக் கொண்டுவராது. மகளிர் குழுக்களிடம் முதலில் பேசுங்கள், குடிநீர்க் கணக்கு அவர்களுக்குத்தான் அத்துப்படி. காலனி மக்கள் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய இடத்தில் கூட்டம் நடக்கிறதா என்பதையும் பாருங்கள். ஊரில் ஒரு பகுதியை வெளியே நிறுத்திவிட்டு நிறைவேறும் தீர்மானத்தை ஊர்த் தீர்மானம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

தீர்மான வரைவை நீங்களே எழுதி, கையெழுத்துகளோடு இரண்டு படி எடுத்து, சில நாள் முன்பே தலைவரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதவிக்காலம் முடிந்த ஊராட்சி என்றால், தலைவருக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலரிடம். "தெருவுக்கு வசதி செய்து தர வேண்டும்" என்பது யாரையும் கட்டுப்படுத்தாது. எந்த வார்டு, எந்தத் தெரு, எத்தனை மீட்டர் வடிகால், எந்த நிதியிலிருந்து என்று எழுதுங்கள். நிதியிலும் கவனம் தேவை: 2021–26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. அதில் சமுதாயக் கூடம் கேட்டால் நிராகரித்துவிடுவார்கள். நெடுஞ்சாலைத் துறை ரோடு போல ஊராட்சியின் கையில் இல்லாத விஷயத்தை, உரிய துறைக்கான கோரிக்கையாகத் தீர்மானியுங்கள்.

கூட்டத்தன்று நடக்கும் பெரிய ஏமாற்று, நுழையும்போதே வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவது. பின்னால் அதன் மேல் எதையும் எழுதிக்கொள்ளலாம். தீர்மானங்களை எழுதி, உரக்க வாசித்த பிறகே கையெழுத்து என்று பத்துப் பேராவது சேர்ந்து சொல்லுங்கள். வரவு செலவுச் சுருக்கமான படிவம் 30 பார்வைக்கு வைக்கப்பட்டிருக்க வேண்டும். முதல் கேள்வி அதிலிருந்தே வரட்டும். தனிநபர் சண்டை கிளம்பினால் கூட்டத்தை முடித்துவிட அதுவே சாக்காகிவிடும்.

முடிந்ததும் தீர்மான நகல் வாங்கி, வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் பதிவுத் தபாலில் ஒன்றும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் ஒன்றும் கொடுத்து, மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிராம சபைத் தீர்மானம் தனியாக எல்லாவற்றையும் தடுத்துவிடாது. மேலூர் பக்கம் அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பரில் கிராம சபைத் தீர்மானம் வந்தது. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, மக்கள் மதுரைக்குப் பேரணியாகப் போனார்கள், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஆனால் பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டும் 2025 வரை அரசு நிலமெடுப்பைக் கைவிடவில்லை. தீர்மானத்தோடு சட்டமன்ற உறுப்பினர், பத்திரிகை, தேவைப்பட்டால் நீதிமன்றம் என்று எல்லாப் பக்கமும் தொடர்ந்து போக வேண்டியிருக்கும்.

நகரவாசி என்றால் உங்கள் வார்டின் பகுதி சபை (கிராம சபை போன்ற மக்கள் கூட்டம்) எப்போது, எங்கே கூடுகிறது என்று கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். மேலே சொன்ன முறை அங்கேயும் பொருந்தும்.