'இல்லை' என்பதையும் எழுதி வையுங்கள்

பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளின் சென்சார் தரவோடு மல்லுக்கட்டும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் கேட்டவை இவை. ஆடிக் காற்றில் டேட்டாபேஸுக்கும் மூச்சு வாங்குகிறது போல.

கேள்வி: அண்ணாச்சி, வருகிற ஒவ்வொரு மெசேஜுக்கும் காற்றாலை எண்ணை டேட்டாபேஸில் தேடி உரிமையாளர் பெயரைச் சேர்க்கிறோம். வருகிற தரவை அப்போதைக்கப்போதே அலசும் ஃபிளிங்க்கில், கிடைத்த பதிலை மெமரியில் வைத்துக்கொள்ளும் காஃபீன் கேஷ் போட்டும் டேட்டாபேஸுக்குப் போகும் குவெரி குறையவில்லையே?

பதில்: எந்த எண்களுக்குக் குவெரி போகிறது என்று லாகில் பாருங்கள் தம்பி. டேபிளில் இன்னும் ஏறாத எண்கள்தான் என்று என் சந்தேகம். கேஷில் இல்லாததை டேட்டாபேஸில் தேடித் தரும் லோடர், நல் (null, அதாவது 'ஒன்றுமில்லை') திருப்பினால் காஃபீன் எதையும் சேமிக்காது. அதே எண் அடுத்த நொடி வந்தால் மறுபடியும் டேட்டாபேஸுக்கு ஓட்டம். (குவாவா என்ற இன்னொரு ஜாவா லைப்ரரியின் கேஷ் என்றால் எக்செப்ஷனே, அதாவது பிழையே, வந்து நிற்கும். அது மேல், தப்பு உடனே தெரிந்துவிடும்.) மதிப்பை ஆப்ஷனலில், அதாவது காலியாகவும் இருக்கக்கூடிய ஜாவா டப்பாவில், பொதிந்து வையுங்கள். காலி ஆப்ஷனலும் ஒரு மதிப்புதான், கேஷில் தங்கும். ரேஷன் கடைப் பலகையில் 'பாமாயில் இல்லை' என்று எழுதிவிட்டால் ஆளுக்கு ஆள் உள்ளே போய்க் கேட்க வேண்டியதில்லை பாருங்கள், அந்தக் கதைதான்.

கேள்வி: லோடு வந்த பிறகும் பலகை அப்படியே இருந்தால்?

பதில்: சரியான கேள்வி! அதனால்தான் 'இல்லை'க்கு ஆயுள் குறைவாக இருக்க வேண்டும். கிடைத்த பதிலுக்குப் பத்து நிமிடம் என்றால் இல்லாததற்கு அரை நிமிடம் கொடுப்பேன். காஃபீனில் ஒவ்வொரு பதிவுக்கும் தனிக் காலக்கெடு வைக்க வழி உண்டு. இது புதுச் சரக்கும் அல்ல. இணையப் பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸில் 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற பதிலைக் கெடுவோடு சேமிக்கும் முறையை 1998லேயே ஆர்எஃப்சி 2308 என்ற இணையத் தர ஆவணம் வகுத்துவிட்டது. கேஷுக்கு உச்ச அளவும் வையுங்கள். கெட்டுப்போன சென்சார் ஒன்று கண்ட எண்ணையும் அனுப்பினால் மெமரி நிரம்பிவிடும்.

கேள்வி: அண்ணாச்சி, டேட்டாபேஸ் நேரத்துக்குப் பதில் தராமல் டைம்அவுட் ஆனாலும் 'இல்லை' என்றே போட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாதும்மா. கடை பூட்டியிருப்பது வேறு, பாமாயில் தீர்ந்தது வேறு. நான் ஒரு தடவை இதில் மாட்டியிருக்கிறேன். எல்லாப் பிழையையும் ஒரே கேட்சில் பிடித்துக் காலியைத் திருப்பினேன். டேட்டாபேஸ் கொஞ்ச நேரம் படுத்ததற்கு, அது எழுந்த பிறகும் நல்ல காற்றாலைகள் எல்லாம் பதிவில்லாதவையாகப் போய்க்கொண்டிருந்தன. பிழை வந்தால் மறுபடி முயலுங்கள், கேஷில் மட்டும் போடாதீர்கள்.

கேள்வி: ஒரே வேலையை எட்டுப் பிரதியாகப் பேரலலில் ஓட்டுகிறோம். ஒரே எண்ணை எட்டுப் பேரும் தேடுகிறார்களே?

பதில்: தேடலுக்கு முன்னால் காற்றாலை எண்ணை வைத்துத் தரவைப் பிரிக்கும் கீபை (keyBy) போடுங்கள். ஒரு எண் அந்த எட்டில் ஒரே சப்டாஸ்க்குக்குத்தான் போகும். இதற்காக எட்டுக்கும் பொதுவான கேஷாக ரெடிஸ் வாங்கி வைக்க வேண்டாம்.