15 கிலோ கடலை எண்ணெய் டின்னில் எத்தனை லிட்டர் இருக்கும்?

சுமார் 16.5 லிட்டர். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் செக்கு எண்ணெய் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு லிட்டர் திரவம் எத்தனை கிலோ இருக்கிறதோ, அதுதான் அதன் அடர்த்தி. தண்ணீருக்கு ஏறக்குறைய 1, பாலுக்கு 1.03, கடலை எண்ணெய்க்கு 0.91. ஒவ்வொரு திரவத்திலும் மூலக்கூறுகளின் எடையும் நெருக்கமும் வேறு என்பதால்தான் இந்த வித்தியாசம். ஒரே படியில் கேழ்வரகு அளந்தால் கனக்கும், பொரி அளந்தால் கனக்காது இல்லையா, அப்படித்தான்.

லிட்டரைக் கிலோவாக்க அடர்த்தியால் பெருக்குங்கள். கிலோவை லிட்டராக்க வகுங்கள். 15 ÷ 0.91 = 16.48. அதுவே 15 லிட்டர் டின் என்றால் எண்ணெய் 13.65 கிலோதான். விலையிலும் இது தெரியும்: கிலோ 200 ரூபாய் என்பது லிட்டர் 182 ரூபாய்க்குச் சமம். லிட்டரே 200 என்றால் அது விலை அதிகம். அப்புறம், வெயிலில் எண்ணெய் சற்று விரியும். லிட்டர் கொஞ்சம் மாறும், எடை மாறாது. மொத்தமாக வாங்கினால் எடை போட்டே வாங்குங்கள்.

எண்ணெய் கொழகொழவென்று இருப்பதால் தண்ணீரைவிடக் கனம் என்று பலர் நினைக்கிறார்கள். கொழகொழப்பு மெதுவாக வழிவதைத்தான் காட்டும், அடர்த்தி குறைவு என்பதால்தான் எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது.