ஒரு ஓட்டில் நிற்கும் மாகாண அரசும் அதன் பட்ஜெட்டும்: டர்பனுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

டர்பனுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, மகள் சாட்ஸ்வொர்த்தில் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள் என்று எழுதி, கூடவே மூன்று கேள்விகளையும் கேட்டிருந்தீர்கள். எதிர்க்கட்சி மாகாண பட்ஜெட்டைத் தோற்கடித்துவிட்டால் பள்ளியும் ஆஸ்பத்திரியும் நின்றுபோகுமா, ஒரே அரசில் அமர்ந்திருக்கும் கட்சிகள் மேடைக்கு மேடை ஒன்றையொன்று ஏசுவது ஏன், நம்மவர்கள் இவர்களில் யாரை நம்புகிறார்கள் என்பவை அந்தக் கேள்விகள். நான் 1998-இல் கும்பகோணத்திலிருந்து திருமணமாகி இங்கே வந்தவள். பல ஆண்டுகளாக ஒரு சிறிய முதியோர் இல்லத்துக்குக் கணக்கு எழுதிவருகிறேன். மாகாணத்தின் மானியம் வந்து சேர்ந்தால்தான் எங்கள் இல்லத்தில் இரவுப் பணிக்கு வரும் பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்க முடியும் என்பதால், மாகாணத் தலைநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் சட்டமன்றத்தில் நடப்பதை வேண்டாவெறுப்பாகவேனும் கவனித்தாக வேண்டிய நிலையில் இருக்கிறேன்.

முதலில், ஊரிலிருந்து நாம் கொண்டுவரும் ஒரு பழக்கத்தை இறக்கி வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் பட்ஜெட் என்றால் பத்திரப் பதிவுக் கட்டணம் ஏறுமா, மது விலை ஏறுமா, தேர்தல் ஆண்டாக இருந்தால் புதிதாக என்ன இலவசம் வரும் என்றுதான் வீட்டில் பேசுவோம். ஏனெனில் அங்கே மாநில அரசு தன் வருவாயில் பெரும்பகுதியைத் தானே வரியாக வசூலிக்கிறது. தென்னாப்பிரிக்காவின் மாகாணத்துக்கு அந்தக் கை கிடையாது. வருமான வரி, மதிப்புக் கூட்டு வரி, பொது விற்பனை வரி, சொத்து வரி, சுங்க வரி ஆகிய எதையும் மாகாணம் விதிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 228-ஆம் பிரிவு சொல்கிறது. மிஞ்சுவது வாகன உரிமக் கட்டணமும், காசினோவிலும் குதிரைப் பந்தயத்திலும் கிடைக்கும் வரியும், ஆஸ்பத்திரிக் கட்டணமும் போன்ற சில்லறைகள்தாம். நம் மாகாணமான குவாசுலு-நட்டால் ஆண்டுக்கு 15,000 கோடி ராண்டுக்கு மேல் செலவழிக்கிறது. அதில் ஒவ்வொரு நூறு ராண்டுக்கும் மாகாணம் தானாகத் தேடிக்கொள்வது ஐந்து ராண்டுகூடத் தேறாது. மற்றது முழுவதும் பிரிட்டோரியாவிலிருந்து, அதாவது தேசிய அரசிடமிருந்து, வருகிறது.

அப்படி வருவதும் யாருடைய தயவினாலும் வருவதில்லை. ஒரு சூத்திரத்தின்படி வருகிறது. ஒன்பது மாகாணங்களுக்கும் பகிரப்படும் பொதுத் தொகையில் 48 விழுக்காடு பள்ளி வயதுப் பிள்ளைகளையும் மாணவர் எண்ணிக்கையையும் பார்த்தும், 27 விழுக்காடு சுகாதாரத் தேவையைப் பார்த்தும், 16 விழுக்காடு மக்கள்தொகையைப் பார்த்தும் பிரிக்கப்படுகிறது. எஞ்சியது வறுமை, பொருளாதாரம், நிர்வாகம் என்ற கணக்குகளில் போகிறது. வேலை தேடி நம் பக்கத்து இளைஞர்கள் கௌதெங், மேற்குக் கேப் மாகாணங்களுக்குக் குடிபெயரக் குடிபெயர, நம் மாகாணத்தின் பங்கு சத்தமில்லாமல் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆகவே, “நாங்கள் மாகாணத்துக்கு நிதியைக் கொண்டுவந்தோம்” என்று ஒருவர் மேடையில் முழங்கினால், அந்த நிதியில் பெரும்பகுதியைக் கொண்டுவந்தது உங்கள் மகள் போன்ற பிள்ளைகளின் தலை எண்ணிக்கைதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வந்த பணத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கல்வித் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் போய்விடுகிறது. அந்தத் துறைகளுக்குள்ளும் பெரும்பகுதி சம்பளம். சம்பள உயர்வையாவது மாகாணம் முடிவு செய்கிறதா என்றால் அதுவும் இல்லை. தேசிய அளவில் தொழிற்சங்கங்களோடு பேசி முடிவாவதை மாகாணம் கொடுத்தாக வேண்டும். 2025-இல் அப்படித்தான் 5.5 விழுக்காடு உயர்வு வந்தது. பிரிட்டோரியா அதற்கு முழுதாக ஈடு கட்டாத ஆண்டுகளில் மாகாணம் நிரப்பாமல் விட்ட பணியிடங்களிலிருந்தும், பழுது பார்க்காத கூரைகளிலிருந்தும், எங்களைப் போன்ற இல்லங்களின் மானியத்திலிருந்தும் அந்தத் தொகையைத் தேற்றுகிறது. கட்சிகள் இத்தனை ஆவேசமாகச் சண்டையிடுவது, உண்மையில் அவர்கள் கையில் இருக்கும் இந்தச் சிறு துண்டுக்காகத்தான்.

இனி நீங்கள் வானொலியில் கேட்ட ‘ஒரு ஓட்டு’ விவகாரத்துக்கு வருகிறேன். 2024 மே 29-இல் நடந்த தேர்தலில் 80 இடங்கள் கொண்ட இந்தச் சட்டமன்றத்தில் முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமாவின் எம்.கே. கட்சிக்கு 37 இடங்கள் கிடைத்தன. அந்தக் கட்சி தொடங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இருபது ஆண்டுகள் மாகாணத்தை ஆண்ட ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 14 இடங்களுக்குச் சரிந்தது. 1994 முதல் 2004 வரை ஆண்ட இன்காதா விடுதலைக் கட்சிக்கு 15, ஜனநாயகக் கூட்டணிக்கு 11, இ.எஃப்.எஃப். கட்சிக்கு 2, என்.எஃப்.பி. என்ற சிறு கட்சிக்கு 1. முதலிடத்தில் வந்த கட்சியை வெளியே நிறுத்திவிட்டு இன்காதா, காங்கிரஸ், ஜனநாயகக் கூட்டணி மூன்றும் கைகோத்தன. மூன்றையும் கூட்டினால் சரியாக 40. அந்த ஒற்றை என்.எஃப்.பி. உறுப்பினரையும் சேர்த்து 41 ஆனது. இன்காதாவின் தாமி என்டுலி பிரீமியர், அதாவது மாகாண முதல்வர், ஆனார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சபாநாயகருக்கு வழக்கமான ஓட்டு இல்லை. இரு பக்கமும் சமமானால் மட்டும் அவர் முடிவு ஓட்டுப் போட வேண்டும். சபாநாயகர் காங்கிரஸ்காரர் என்பதால் அரசின் பக்கம் 40 ஆகிறது, எம்.கே.வும் இ.எஃப்.எஃப்.பும் சேர்ந்தால் 39. அந்த ஒற்றை உறுப்பினர் வராமல் இருந்துவிட்டால் 39-க்கு 39 என்றாகி, சபாநாயகரின் ஓட்டால் அரசு தப்பும். அவர் எழுந்து எதிர்ப்பக்கம் போனால் சாதாரண ஓட்டெடுப்பில் அரசு தோற்கும். 2025 இறுதியில் என்.எஃப்.பி. ஆளும் கூட்டணியை விட்டு விலகுவதாக அறிவித்ததும், டிசம்பரில் எம்.கே. கட்சி பிரீமியர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்ததும், சபை அமளியானதும், கட்சி விலகிய பின்னும் அந்த உறுப்பினர் அரசோடு நிற்க, தீர்மானம் தோற்றதும் இந்தக் கணக்கினால்தான். ஒரு கோடியே இருபது லட்சம் பேருக்கு மேல் வாழும் மாகாணம் ஒருவருடைய முகக்குறிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு உவப்பானதல்ல. ஆனால் யாருக்கும் தனிப்பெரும்பான்மை தராமல் ஓட்டுப் போட்டவர்கள் இந்த மாகாணத்து மக்கள்தாம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அரசு அமைந்தபோது இலாகாக்களைப் பிரித்த விதம்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை. பிரீமியர் பதவி இன்காதாவுக்கு. கஜானாச் சாவி ஜனநாயகக் கூட்டணியின் பிரான்சுவா ரோஜர்ஸிடம். பணத்தை அதிகம் செலவழிக்கும் கல்வியும் சுகாதாரமும் காங்கிரஸிடம். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் வீட்டுத் தலைவராகவும், இன்னொருவர் பெட்டிச் சாவியை வைத்திருப்பவராகவும், மூன்றாமவர் சமையலறையை நடத்துபவராகவும் இருந்தால் மாதக் கடைசியில் என்ன நடக்குமோ அதுதான் இங்கேயும் நடக்கிறது. கல்வித் துறை கடனில் தத்தளிக்கிறது என்று நிதியமைச்சர் தரப்பு சொன்னால், எங்களுக்குப் போதுமான பணம் தரவில்லை என்று துறைத் தரப்பு சொல்கிறது. இரண்டும் ஓரளவு உண்மை. உள்ளாட்சித் தேர்தல் 2026 நவம்பர் தொடக்கத்துக்கும் 2027 ஜனவரிக்கும் இடையில் நடந்தாக வேண்டும். அந்தத் தேர்தலில் இந்த மூன்று கட்சிகளும் வார்டுக்கு வார்டு எதிரெதிராக நிற்கப் போகின்றன. காலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரே பட்ஜெட்டுக்குக் கை தூக்கிவிட்டு, மாலையில் வெருலத்திலும் தொங்காட்டிலும் அதே பட்ஜெட்டைக் குறை சொல்ல வேண்டிய நிலை அவர்களுக்கு. இது வேடிக்கையாகத் தோன்றும். ஆயினும் பேச்சில் பிரிந்தும் ஓட்டில் சேர்ந்தும் நிற்பது இப்போது இந்நாட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. 2025-இல் தேசிய பட்ஜெட்டில் மதிப்புக் கூட்டு வரியை உயர்த்த நிதியமைச்சர் எனோக் கொடொங்வானா முயன்றபோது, அமைச்சரவையில் இருந்துகொண்டே ஜனநாயகக் கூட்டணி நாடாளுமன்றத்தில் எதிர்த்து ஓட்டுப் போட்டது. ஏப்ரல் 2-இல் 194-க்கு 182 என்ற கணக்கில் வரவுசெலவுச் சட்டகம் நிறைவேறியது. பிறகு நீதிமன்றம், பேச்சுவார்த்தை எல்லாம் கடந்து வரி 15 விழுக்காட்டிலேயே நின்றது. அந்தக் கட்சி இன்றும் அரசில் இருக்கிறது.

நீங்கள் அஞ்சுவது போல மாகாண பட்ஜெட் தோற்றுவிட்டால் என்ன ஆகும்? ஊரில் நிதி மசோதா தோற்றால் அரசு பதவி விலக வேண்டும் என்ற மரபைப் படித்துவிட்டு வந்திருக்கிறோம். இங்கே பிரீமியரை இறக்க 141-ஆம் பிரிவின்படி நம்பிக்கையில்லாத் தீர்மானம்தான் வழி. பட்ஜெட் தோல்வி தானாக அதைச் செய்யாது. அப்படியே பிரீமியர் வீழ்ந்தாலும் சட்டமன்றம் 30 நாளுக்குள் இன்னொருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், முடியாவிட்டால்தான் கலைப்பு. தாமாக விரும்பிக் கலைத்துக்கொள்ளத் தேர்தல் நடந்து மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும்; அது 2027-இன் நடுப்பகுதிக்கு முன் வராது. பணத்தைப் பொறுத்தவரை, பொது நிதி மேலாண்மைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவைத் தெரிந்துகொண்டால் வானொலிச் சத்தம் பாதியாகக் குறைந்துவிடும். பட்ஜெட் நிறைவேறாமல் நிதியாண்டு தொடங்கினாலும், முதல் நான்கு மாதங்களில் முந்தைய ஆண்டுத் தொகையில் 45 விழுக்காடு வரையிலும், அதன்பின் மாதத்துக்குப் பத்து விழுக்காடு வரையிலும் செலவழிக்கலாம் என்று அது அனுமதிக்கிறது. நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. தேசிய பட்ஜெட் பிப்ரவரிக் கடைசியில் வருகிறது. மாகாணம் அதற்குப் பின் இரண்டு வாரத்துக்குள் தன் பட்ஜெட்டைத் தாக்கல் செய்து, பிறகு துறை துறையாக விவாதிக்கிறது. சட்டம் நிறைவேறும்போது புதிய ஆண்டு பிறந்து வாரங்கள் ஓடியிருக்கும். சண்டையே இல்லாத ஆண்டிலும் அந்தப் பிரிவின் நிழலில்தான் மாகாணம் ஏப்ரலைக் கடக்கிறது. ஆகவே ஆசிரியருக்குச் சம்பளம் வரும், சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரியின் வாசல் திறந்திருக்கும்.

ஆனால் எதுவும் ஆகாது என்று சொல்லி உங்களைத் தூங்கவைக்கவும் நான் விரும்பவில்லை. அடி எங்கே விழும் என்பதை எங்கள் கணக்கு நோட்டில் பார்த்திருக்கிறேன். ஓர் ஆண்டு எங்களுக்கு வர வேண்டிய மானியம் முதல் காலாண்டு முழுவதும் வரவில்லை. மறுத்ததாகக் கடிதமும் இல்லை, தருவதாகக் கடிதமும் இல்லை. தொலைபேசியில் கேட்டால் “கையெழுத்தாகவில்லை” என்ற ஒரே பதில். சட்டம் பாதுகாக்கும் சம்பளத்தை யாரும் தொட முடியாது என்பதால், தயங்கும் அதிகாரி, ஒப்பந்தக் கையெழுத்து தேவைப்படும் சிறு தொகைகளைத்தான் ஒத்திப் போடுகிறார். நாங்கள் மாரியம்மன் கோயில் கஞ்சிக்கு வந்த அரிசி மூட்டைகளில் சிலவற்றைக் கேட்டு வாங்கி அந்த மாதங்களைக் கடத்தினோம். இரவுப் பணிப் பெண் மட்டும் காத்திருக்க முடியாமல் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டார். பணம் ஜூலையில் வந்தது, அவர் திரும்பவில்லை. பள்ளிகளிலும் இதே கதைதான்: ஆசிரியர் இருப்பார், மின்கட்டணத்துக்கும் காகிதத்துக்குமான மாகாணத் தொகை தாமதமாகும், அப்போது பெற்றோர் கட்டும் கட்டணத்தை வைத்துச் சமாளிக்கும் பள்ளி தப்பும், கட்டணமில்லாப் பள்ளி தவிக்கும்.

தேர்தல் நெருங்க நெருங்க எல்லாவற்றையும் எல்லாரும் கலக்கிப் பேசுவார்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரும் மின்சாரமும் குப்பையும் டர்பனை ஆளும் எத்தெக்வினி மாநகராட்சியின் பொறுப்பு. அதன் நிதியாண்டுகூட ஜூலையில்தான் தொடங்குகிறது. காவல் துறையும் விசாவும் பாட்டிகள் வாங்கும் உதவித்தொகையும் தேசிய அரசின் பொறுப்பு. பள்ளி, ஆஸ்பத்திரி, மாகாணச் சாலை இவைதாம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு உரியவை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதற்காக மாகாண பட்ஜெட்டைச் சாடும் வேட்பாளரை நான் நம்புவதில்லை, அவர் எந்தக் கட்சியானாலும்.

நம்மவர்கள் யாரை நம்புகிறார்கள் என்ற கேள்விக்கு நீண்ட பதில் இல்லை. 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கும் நம்மைப் போல் பின்னால் வந்தவர்களுக்கும் அரசியல் ஒன்றல்ல. இந்திய வம்சாவளியினருக்கென்றே பேசிய மைனாரிட்டி ஃப்ரண்ட்டுக்கு 2024-இல் இந்தச் சட்டமன்றத்தில் ஓர் இடமும் கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் நான்கு கட்சிக்கும் ஆள் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவில் ஒரே பந்தியில்தான் உட்காருகிறார்கள்.

உங்களுக்கு இங்கே ஓட்டு கிடையாது. நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கிடைத்த பிறகும் கிடையாது, குடிமக்களுக்கு மட்டும்தான். ஆயினும் நீங்கள் ஓட்டுப் போடக்கூடிய ஒரு பட்ஜெட் இருக்கிறது. தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி, பள்ளியின் ஆண்டு பட்ஜெட்டைப் பெற்றோர் கூட்டத்தில் வைத்து, வந்திருந்து ஓட்டளிப்பவர்களில் பெரும்பான்மையினரின் ஒப்புதலைப் பெற வேண்டும். அதற்கு 30 நாள் முன்னதாக அறிவிக்கவும் வேண்டும். மாகாணத் தொகை எவ்வளவு வர வேண்டியிருந்தது, எவ்வளவு வந்தது, எந்த மாதத்தில் வந்தது என்று அங்கே கேளுங்கள். எந்தக் கட்சிப் பேச்சிலும் கிடைக்காத விடை அந்த ஒற்றைத் தாளில் இருக்கும். எங்கள் பள்ளியில் அந்தக் கூட்டம் ஆண்டின் கடைசிப் பருவத்தில் நடக்கும். நூற்றுக்கணக்கான பெற்றோரில் முப்பது பேர் வந்தால் அதிகம். அறிவிப்பு பெரும்பாலும் பிள்ளையின் புத்தகப் பையில் மடித்த காகிதமாகத்தான் வரும், ஆகையால் அக்டோபர் பிறந்ததும் மகளின் பையைத் தினமும் ஒருமுறை பாருங்கள்.