டிரெய்லர் இழுக்கும் பிக்கப்: ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். 2016 ஃபோர்டு எஃப்-150, ஃபோர் வீல் டிரைவ். கோடையில் 2,700 கிலோ டிரெய்லரை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு கேம்பிங் போவோம். மாட்டியதும் பின்பக்கம் அமுங்குகிறது. பாலத்து இணைப்பில் ஏறி இறங்கினால் வண்டி பலமுறை மேலும் கீழும் ஆடித்தான் நிற்கிறது. நான்கு ஷாக்குகளையும் நானே மாற்றலாமா?

பதில்: பின்பக்கம் இரண்டையும் தாராளமாக மாற்றுங்கள். முன்பக்கத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு, பிறகு சொல்கிறேன்.

நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஆட்டம் அடங்காதது ஷாக் தேய்ந்ததன் அடையாளம். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் பின்பக்கம் அமுங்குவதற்கு ஷாக் பொறுப்பல்ல. சுமையைத் தாங்குவது லீஃப் ஸ்பிரிங் பட்டைகள். ஷாக்கின் வேலை, அந்தப் பட்டைகளின் துள்ளலை அடக்குவது மட்டும்தான். எவ்வளவு விலையுயர்ந்த ஷாக் போட்டாலும் வண்டி அதே அளவுதான் அமுங்கும்.

டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் இறங்க வேண்டும். உங்களுக்கு அது 270 முதல் 405 கிலோ. இதோடு குடும்பத்தின் எடையையும் சாமான்களையும் கூட்டி, டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சுமை வரம்போடு ஒப்பிடுங்கள். வரம்புக்குள் இருந்தும் அமுங்கினால், எடையை முன் அச்சுக்கும் பகிரும் ஹிட்ச் வாங்குங்கள். உங்கள் டிரெய்லரின் எடைக்கு அது தேவைதான். ஹிட்ச்சில் ஒட்டியுள்ள லேபிளில் அது இருந்தால் எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு இழுக்கலாம் என்று இரண்டு கணக்கும் இருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். டிரெய்லரைக் கழற்றிவிட்டு சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். எஃப்-150 உயரமான வண்டி என்பதால் பின் ஷாக்குக்கு ஜாக்கியே வேண்டாம். சக்கரம் தரையில் இருக்கும்போதே அடியில் படுத்துக் கழற்றிவிடலாம். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள்.

உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் உண்மையான எதிரி துரு. பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு, கீழ் போல்ட்டை ஷாக்கின் இரும்புக் குழலோடு ஒட்டிவிடும். நட்டு கழன்றாலும் போல்ட் அசையாது. முதல் நாளே இரண்டு மூன்று முறை துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். அப்படியும் வராவிட்டால் போல்ட்டை ரம்பத்தால் அறுக்கலாம். தீ கக்கும் காஸ் டார்ச் வைத்துச் சூடாக்காதீர்கள், ஷாக்கின் உடம்பையும் அறுக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் வாயுவும் எண்ணெயும் இருக்கின்றன. புது போல்ட், நட்டுகளை முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

புது ஷாக் அமுக்கிக் கட்டி வரும். மேல் முனையை மாட்டி, கீழ் முனையில் உள்ள வளையத்தை பிராக்கெட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கட்டியிருக்கும் வாரை அறுங்கள். தண்டு தானாக நீளும். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும். வண்டியைத் தூக்கி வைத்து முறுக்கினால், கீழே இறக்கியதும் அந்த வளையத்துக்குள் இருக்கும் ரப்பர் புஷ் திருகிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

முன்பக்கம் ஷாக்கும் காயில் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட். மேலே மூன்று நட்டுகள் வண்டியோடு பிடிப்பவை. நடுவில் உள்ள ஒற்றை நட்டைத் தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங்கைக் கட்டி வைத்திருப்பதே அதுதான், கழற்றினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே என் நிபந்தனை: ஸ்பிரிங், மேல் மவுண்ட் எல்லாம் பொருத்தி முழுதாக வரும் ஸ்ட்ரட்டை வாங்கினால் மட்டும் நீங்களே செய்யுங்கள். பழைய ஸ்பிரிங்கையே பயன்படுத்துவதாக இருந்தால் ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுங்கள். இதில் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம்.

முன்பக்கத்தைத் தூக்கினால் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) வெளியே சாயாமல் கம்பியால் கட்டுங்கள். சாய்ந்தால் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடும், உங்களுடையது ஃபோர் வீல் டிரைவ் என்பதால் ஆக்சில் ஷாஃப்ட்டும் உருவிக்கொள்ளும்.

முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டுத்தான் டிரெய்லரை மாட்டுங்கள். வீல் நட்டுக்கு 204 நியூட்டன் மீட்டர், முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் வைத்தே முறுக்குங்கள். 160 கிலோமீட்டர் ஓடுவதற்குள் இன்னொரு முறை சரிபாருங்கள்.