குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சா?

கேள்வி: என் கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். ஆறு மாதமாக வேலை இல்லை, தினமும் குடி. போதை ஏறினால் ‘நான் போய்ச் சேர்ந்துட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்கிறார். மாமியாரோ ‘குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு, நீ பயப்படாதே’ என்கிறார். நான் ஒரு வருடமாக மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுத்தான் படுக்கிறேன், அது யாருக்கும் தெரியாது. இவர் நிஜமாகவே ஏதாவது செய்துகொள்வாரா? கொழுந்தனாரிடம் சொல்லலாமா?
– பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் மாமியாரின் பழமொழி ‘நாளையிலிருந்து குடிக்க மாட்டேன்’ என்ற சத்தியத்துக்குப் பொருந்தும். சாவைப் பற்றிய பேச்சுக்குப் பொருந்தாது. நிதானத்தில் இருக்கும்போது பிள்ளைகள் முகமோ அம்மா முகமோ நினைவுக்கு வந்து ஒருவரைப் பிடித்து நிறுத்தும், போதையில் அந்தப் பிடி நழுவிவிடுகிறது. வேலையும் போய், குடியும் கூடி, வாயைத் திறந்து சொல்லவும் செய்கிறார் என்றால் அதை நம்பித்தான் ஆக வேண்டும். 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். பத்தில் ஏழு பேர் ஆண்கள். பெரும்பாலான நாடுகளில் முயற்சி செய்பவர்களில் பெண்கள் அதிகம், உயிர் போகிறவர்களில் ஆண்கள் அதிகம். ஆண்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, அழுவதில்லை, கடைக்குப் போகிறார்கள்.

அவர் குடிக்காமல் இருக்கும் காலை நேரமாகப் பார்த்து, ‘நேத்து ராத்திரி அப்படிச் சொன்னீங்களே, நிஜமாவே சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் புதிதாக அந்த நினைப்பு வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், வராது. பெரும்பாலும் யாராவது கேட்டார்களே என்று பாரம்தான் இறங்கும். ‘ஆமாம்’ என்றாலோ, எப்படி என்று யோசித்து வைத்திருந்தாலோ அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே வெளியேற்றிவிடுங்கள். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு தற்கொலைச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன, அந்த வேகம் தணியும்வரை கைக்கெட்டாமல் இருந்தாலே பல உயிர் தப்பிவிடுகிறது.

ஒன்று செய்யாதீர்கள். ‘அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்’ என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்களே, அதை வாங்கிச் சாம்பாரில் கலந்துவிடாதீர்கள். உள்ளே என்ன மருந்து என்று உங்களுக்கும் தெரியாது, மேலே குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதேபோல, தினமும் நிறையக் குடிப்பவரை ரூமில் பூட்டி ஒரேயடியாக நிறுத்த வைத்தால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் என்று போய்விடலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருந்து கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்துவார்கள்.

சரி, இப்போது உங்கள் விஷயம். கடிதம் முழுக்க அவரைப் பற்றி எழுதிவிட்டு மாத்திரையை ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள், எனக்கு அந்த வரிதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில் மது அருந்தும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். இதைப் பார்த்து, பழக்கமெல்லாம் ஆம்பளை சமாச்சாரம் என்று நாம் இருந்துவிடுகிறோம். ஆனால் மாத்திரை நாறாது, வெளியேயும் சுலபத்தில் தெரியாது, காலையில் எழுந்து டிபன் பாக்ஸ் கட்டுகிற வரைக்கும் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அதே 2022 தற்கொலைக் கணக்கில் இறந்த பெண்களில் பாதிக்கு மேல் இல்லத்தரசிகள். கணவரின் குடியும் அடியும் கடனும் அவர்களில் எத்தனை பேரை அந்த இடத்துக்குத் தள்ளியிருக்கும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவரைக் கேட்கச் சொன்ன அதே கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன்: உங்களுக்கும் அப்படித் தோன்றுகிறதா? தோன்றினால் இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு 14416-க்கு முதலில் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. சென்னையில் உள்ள சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

மாத்திரையை நாளைக்கே நிறுத்திவிடவும் வேண்டாம். ஒரு வருடம் போட்ட தூக்க மாத்திரையைச் சட்டென்று விட்டால், அது அல்பிரசோலம் வகையாக இருந்தால், வலிப்பு கூட வரலாம். அட்டையை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி எத்தனை போடுகிறீர்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுப்பார். அதுவரை ஸ்டாக் வாங்கி வைக்காதீர்கள், உங்கள் கணவர் கண்ணில் படும் இடத்தில் வைக்கவே வேண்டாம்.

கொழுந்தனாரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். ‘அண்ணனைத் திருத்துங்க’ என்று பொதுவாகச் சொன்னால் அவர் வந்து நாலு சத்தம் போட்டுவிட்டுப் போவார், அவ்வளவுதான். ‘திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும், நீங்க வண்டி எடுத்துட்டு வாங்க’ என்று சொல்லுங்கள். அதே சீட்டு வாங்கும் வரிசையில் உங்கள் பெயருக்கும் ஒரு சீட்டு போட்டுவிடுங்கள்.